குத்துவிளக்கும் கொட்டை எடுத்த புளியும்: துலக்கியல் நோக்கில் ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

வீட்டு உலோகங்களை எதைப் போட்டுத் தேய்ப்பது என்ற வினாவுக்குத் தமிழில் முறையான ஆய்வு தேவைப்படுகிறது. தேய்ப்பவர்களுக்கு எழுத நேரமில்லை; எழுதுகிறவர்களுக்குத் தேய்த்துப் பழக்கமில்லை. இத்தகைய இடைவெளிகளை இரண்டாம் வகையினரே நிரப்புவது அறிவுலக நெறி. அந்நெறி வழுவாமல் இக்கட்டுரை எழுந்தது.

எந்த ஆய்வையும் தொல்காப்பியத்திலிருந்து தொடங்குவது மரபு. தொல்காப்பியத்தில் பித்தளைப் பாலிஷ் பற்றி நூற்பா இல்லை. இல்லை என்பதை நிறுவவே மூன்று இயல்கள் எழுதலாம், பட்டமும் வாங்கலாம். இடமின்மையால் அம்மூன்றும் இங்கு விடப்பட்டன. ஆயினும் சைவ சித்தாந்தத்தைத் தொடாமல் போக முடியாது. உயிரோடு ஒட்டிய ஆணவ மலத்துக்குச் செம்பில் ஊறிய களிம்பை அது உவமை சொல்கிறது. அக்களிம்பு நீங்க ரசகுளிகை பட வேண்டும் என்பர். ரசகுளிகை மளிகைக் கடையில் கிடைப்பதில்லை. புளி கிடைக்கிறது. ஆகவே இவ்வாய்வு புளியை நோக்கி நகர்கிறது.

2. ஆய்வின் எல்லை

பொன்: வீட்டில் இல்லை, அடகுக் கடையில் இருக்கிறது. எல்லைக்கு அப்பாற்பட்டது.

இரும்பு: எண்ணெய் தடவுக.

அலுமினியம்: சோடா பட்டால் கறுக்கும். கறுத்தால் பழைய பாத்திரக்காரர் வருவார்.

ஈயச்சொம்பு: வெள்ளீயத்தால் ஆனது; 232 பாகை செல்சியஸில் உருகும். ரசம் வற்றும்வரை மறந்திருந்தால் தேய்க்க வேண்டியது சொம்பை அல்ல, அடுப்பை.

எவர்சில்வர்: 10.5 விழுக்காட்டுக்குக் குறையாத குரோமியம் கலந்த எஃகு. மேலே தானாகப் படரும் குரோமியம் ஆக்சைடு அதைக் காக்கிறது; பாலிஷ் வேண்டியதில்லை. விளிம்பில் வெட்டிய பெயரும் கல்யாணத் தேதியும் கல்வெட்டுத் துறைக்கு உரியவை.

வெள்ளி: காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டு வெள்ளி சல்பைடாகிக் கறுக்கிறது. மரபுவழி மருந்து விபூதி. நவீன மரபு பல்பொடி. அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் சமையல் சோடாவும் வெந்நீரும் விட்டு, வெள்ளி அந்தத் தாளைத் தொடும்படி வைத்தால், கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்தோடு போய்விடும். தேய்க்கவே வேண்டாம். வியர்வை சிந்தாமல் பெற்ற பளபளப்பைப் பெரியவர்கள் ஏற்பதில்லை என்பதால் இம்முறை பரவவில்லை.

3. பித்தளைக்கான மூவகைத் துலக்கிகள்

இவை புட்டி, பொடி, புளி என மூன்று. இப்பகுப்பு மோனை கருதிச் செய்யப்பட்டது. ஆய்வுலகில் பல பகுப்புகள் அவ்வாறே செய்யப்பட்டுள்ளன.

புட்டி: 1905 வாக்கில் இங்கிலாந்தில் பிறந்த பிராசோ இவ்வினத்தின் தலைமகன். காவலர் பொத்தானும் என்.சி.சி. பெல்ட் பக்கிளும் இதனால் ஒளிர்ந்தன. வாசனை நெடுநேரம் நிற்கும். சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு ஆகாது.

பொடி: செங்கல் தூளும் அடுப்புச் சாம்பலும் பழையன, பீதாம்பரி புதியது. சொரசொரப்பு மிகுந்தால் கீறல் விழும். வாங்கிய விளக்கில் காந்தம் ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. அதைத் தேய்க்கத் தேய்க்க உண்மை வெளிவரும்.

4. புளி

புளியிலுள்ள டார்டாரிக் அமிலம், பித்தளைமேல் படிந்த செம்பு ஆக்சைடைக் கரைக்கிறது. இவ்வளவுதான் அறிவியல். இதற்குமேல் உள்ளதெல்லாம் ஆய்வு.

புளியைப் போடுமுன் எண்ணெய்ப் பிசுக்கைச் சீயக்காயும் வெந்நீரும் கொண்டு நீக்க வேண்டும். பிசுக்கு இருக்கும்வரை புளி உலோகத்தைத் தொடாது (பாட்டி, வாய்மொழி). ஐந்து நிமிடத்துக்குமேல் ஊறவிடக் கூடாது (பெரியம்மா, வாய்மொழி, பாட்டியைத் தழுவி). நெடுநேரம் ஊறினால் மேற்பரப்பில் துத்தநாகம் குறைந்து செம்பு முன்வரும், பித்தளை சிவக்கும். அதைப் புதுப் பளபளப்பு என்று கொண்டாடும் கிளை மரபும் உண்டு (சின்ன அத்தை, தொலைபேசி வழி, பாட்டியை மறுத்து; இடையில் குக்கர் மூன்று விசில்).

அறிஞரிடையே பெரும்பிளவு எந்தப் புளி என்பதில் நிகழ்ந்தது. முழுப்புளிக் கட்சியினர் உருண்டைப் புளியை அப்படியே ஊறவைத்துத் தேய்ப்பர். சக்கைக் கட்சியினர் குழம்புக்குக் கரைத்தபின் எஞ்சியதே விளக்குக்கு உரியது என்பர். முன்னவரைப் பின்னவர் ஊதாரிகள் என்றும், பின்னவரை முன்னவர் கஞ்சர்கள் என்றும் குறிப்பதைக் களப்பணியில் காண முடிந்தது. சக்கைக் கட்சி மேலும் இரண்டாக உடைந்தது: ரசச் சக்கையர், வத்தக்குழம்புச் சக்கையர். வத்தக்குழம்புக்குப் புளி கெட்டியாகப் பிழியப்படுவதால் அச்சக்கையில் சாரம் குறைவு என்பது ரசச் சக்கையரின் வாதம் (பாட்டி, மறுப்புக்கு மறுப்பு, கொல்லைப்புறப் பதிப்பு, துவைகல் அருகே, கேட்டோர் இருவர், ஒருவர் இடையில் தூங்கியதால் பாடபேதம் உண்டு).

இதிலிருந்து பெறப்படும் கோட்பாடு ‘ரச விளக்கு எதிர்விகிதம்’ எனப்படும். ஒரு வீட்டின் புளி மாறாதிருக்க, விளக்கு எவ்வளவு ஒளிர்கிறதோ ரசம் அவ்வளவு சப்பென்றிருக்கும். பெண் பார்க்கச் செல்வோர் பளிச்சென்ற விளக்கைக் கண்டால் இரவுச் சாப்பாட்டுக்குத் தங்காமல் திரும்புவது நலம் (சின்ன அத்தையின் சம்பந்தியம்மா, கல்யாண மண்டபம், இருவேறு பாடங்கள், பந்திக்குப் பிந்தைய பாடமே இங்கு ஆளப்பட்டது, முந்தையது மாப்பிள்ளை வீட்டார் மீதான வசவுகளால் சிதைந்துள்ளது, ஓரத்தில் வெற்றிலைக் கறை).

உப்புச் சேர்ப்போர், சேர்க்காதோர் என்ற பிரிவும் உண்டு. உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். ஆனால் சரியாக அலசாவிட்டால் அதிலுள்ள குளோரைடு செம்புக் கலவைகளை உள்ளிருந்து அரிக்கும். அலசியவுடன் உலர்ந்த துணியால் துடைக்காவிட்டால் நீர்த்துளி நின்ற இடமெல்லாம் புள்ளி விழும். இக்கருத்தில் மட்டும் எல்லாக் கட்சியும் ஒன்றுபடுகின்றன. எனவே இதை ஆராய ஒன்றுமில்லை.

5. மாற்றுப் பார்வை

துலக்கவே கூடாது என்னும் பள்ளி ஒன்று அருங்காட்சியகங்களில் இயங்குகிறது. 1851-இல் தொடங்கிய சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளை யாரும் புளி போட்டுத் தேய்ப்பதில்லை. காலம் பூசிய படலம் உலோகத்தைக் காக்கிறது, அதன் வயதுக்கும் சான்றாகிறது என்பது வல்லுநர் துணிபு. அதே படலம் பூஜை அறை விளக்கில் இருந்தால், துணிபு வேறு. கார்த்திகைக்கு முதல் நாள் மாமியாரிடம் “இது காலம் பூசிய படலம்” என்று சொல்லிப் பார்த்த மருமகள் எவரையும் களப்பணியில் சந்திக்க இயலவில்லை. ஒரே பச்சை, கண்ணாடிப் பேழைக்குள் பாரம்பரியம், பேழைக்கு வெளியே சோம்பல். இரண்டுக்கும் நடுவே இருப்பது கண்ணாடி மட்டுமா, பேராசிரியரின் பரிந்துரைக் கடிதமும் உண்டா என்பது தனி ஆய்வுக்குரியது.

6. முடிவுகள்

ஒன்று: வெள்ளிக்குச் சோடா, பித்தளைக்குப் புளி, பக்கிளுக்குப் புட்டி, எவர்சில்வருக்கு ஒன்றுமில்லை.

இரண்டு: எந்தத் துலக்கியின் சிறப்பையும் அதைத் தொட்டுத் தேய்க்காதவரே மிக விரிவாக எடுத்துரைக்கிறார். தேய்ப்பவரிடம் கேட்டால் “கையில் கிடைத்ததைப் போடுவேன்” என்கிறார். இத்தரவு கோட்பாட்டுக்கு இடையூறாக இருந்ததால் நீக்கப்பட்டது.

மூன்று: நாச்சியார்கோயிலில் வார்த்த ஐந்தடி விளக்கானாலும் அடித்தட்டில் வெட்டியிருப்பது உபயம் செய்தவர் பெயர். வாரம் தவறாமல் தேய்த்தவர் பெயர் அதில் இல்லை. இது அநீதி என்று சிலர் கருதலாம். ஆய்வு மாணவர் தேய்த்து எழுதிய கட்டுரையில் நெறியாளர் பெயர் முதலில் வருவது இம்மரபின் நீட்சியே என்பதால், இதை அநீதி என்று சொல்ல இவ்வாய்வாளருக்குத் துணிவில்லை. நேர்முகத் தேர்வு அடுத்த மாதம்.