ஃபுல் ஏ பிளஸ் பிள்ளை: செய்முறை

தேவையான பொருட்கள்: பிள்ளை ஒன்று, டியூஷன் மூன்று, திருவனந்தபுரத்தில் கவடியாறிலோ கரமனையிலோ முச்சந்தி பார்த்து ஒரு ஃபிளெக்ஸ் போர்டுக்கு இடம். பிள்ளை இளசாக இருக்கட்டும். முற்றினால் எதிர்க்கேள்வி கேட்கும்.

விஜயதசமியன்று ஆரம்பிப்பது உத்தமம். மடியில் இருத்தி, தாம்பாளத்து அரிசியில் விரலைப் பிடித்து ‘ஹரிஸ்ரீ’ எழுதவைக்கும்போது குழந்தை வீறிட்டு அழும். ஏன் என்று கேட்காமல் போட்டோ எடுக்கவும். இந்தப் பழக்கம் படிந்துவிட்டால் பத்தாம் வகுப்பு வரைக்கும் கேட்க வேண்டி வராது.

கோடை விடுமுறையில் மியூசியத்துக்குக் கூப்பிட்டால், “பரீட்சை முடியட்டும்” என்க. எந்தப் பரீட்சை என்று சொல்ல வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து அதே வளாகத்தில் இருக்கிற மிருகக்காட்சிசாலை எங்கே போய்விடப் போகிறது? அங்கே வெயில் காலத்தில் விலங்குகளைக் குளிரக் குளிர நனைக்கிறார்கள். அவற்றுக்கு வெகேஷன் கிளாஸ் கிடையாது, பாவம்.

அடுத்தது வயிற்றுவலி. திங்கட்கிழமை காலையில் வந்து, லீவு என்றதும் போய்விடும் வலி. ஓமத்தண்ணீர் கொடுக்கவும். கேட்காவிட்டால் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடவும். அதற்கும் கேட்காவிட்டால் ஸ்கேன். செலவுக்கு அஞ்ச வேண்டாம், “ஸ்கூல்ல என்னம்மா நடக்குது?” என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. மனசிலுள்ள பயம் சின்னப் பிள்ளைகளுக்கு வயிற்றுவலியாகவும் தலைவலியாகவும் வருவது சகஜம் என்று டாக்டர் சொல்லக்கூடும். டாக்டரை மாற்றவும்.

மெடிக்கல் காலேஜ் வளாகத்திலேயே குழந்தை வளர்ச்சி மையம் ஒன்று 1987 முதல் இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும். அந்த வாசலில் தெரிந்த முகம் ஒன்று பார்த்துவிட்டால், நாம் வீடு திரும்புவதற்குள் சேதி சாலைக் கடைத்தெருவைச் சுற்றி வந்துவிடும். மனநல ஆஸ்பத்திரி இருக்கிற ஊளம்பாறையின் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிற ஊர் இது. பிள்ளை உள்ளுக்குள் எக்கேடு கெட்டாலும் பேர் கெடக் கூடாது அல்லவா?

எல்லாம் ஒழுங்காக நடந்தால் எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் அன்று ஃபிளெக்ஸ் ஏறும். 2021-இல் கேரளம் முழுக்க 1,21,318 பேர் ஃபுல் ஏ பிளஸ், அதாவது எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ். அத்தனை பேரிலும் நம் பிள்ளை தனியாகத் தெரிய, போர்டு பெரிசாக இருப்பது நல்லது.

ஒன்பது ஏ பிளஸ்ஸும் ஒரே ஒரு ஏயும் வந்தால் என்ன செய்வது? அதை நான் செய்து பார்த்தவன். “அந்த ஒண்ணு எதுல போச்சு?” என்று சோற்றுத் தட்டுக்கு முன்னால் வைத்து மகளைக் கேட்டேன். கணக்கு என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். இரண்டு நாள் அறைக்கதவு திறக்கவில்லை. சாத்திய கதவுக்கு வெளியே நின்று என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. பத்து வருடத்தில் அவளிடம் மார்க்கைத் தவிர வேறெதுவும் பேசிப் பழகியிருக்கவில்லை.

உங்கள் வீட்டில் அப்படிக் கதவு சாத்திக்கொண்டால் இந்தச் செய்முறையைக் கிழித்துப் போடுங்கள். அரசின் ‘திசா’ உதவி எண் 1056. 24 மணி நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. பெற்றோரும் கூப்பிடலாம்.