இராக்கூவல் இயல்

இருட்டிய பிறகு ஊர்ப்புறத்தில் காதில் விழுவதும், எழுப்பியது எது என்று கண்ணுக்குப் புலப்படாததும், கேட்டவர் மறுநாள் யாரிடமாவது வாயால் செய்து காட்டியே தீர வேண்டியதுமான ஒலி இராக்கூவல் எனப்படும். மூன்றாவது இலக்கணம் பொருந்தாவிட்டால் அது வெறும் சத்தம். இரண்டாவது பொருந்தாவிட்டால், அதாவது பறவையையே பார்த்துவிட்டால், பார்த்தவர் பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். இயல் எழுத வேலை இல்லை. இங்கே எடுத்துக்கொண்ட நிலம் திண்டுக்கல்லுக்கும் கரூருக்கும் நடுவே கரடும் குளமும் பனையும் மானாவாரிக் காடும் கலந்து கிடக்கும் பகுதி.

இத்துறைக்கு முதலாசிரியர் கூகைக்கோழியார். புறநானூற்றின் 364ஆம் பாட்டைப் பாடியவர். பெற்றோர் இட்ட பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் வந்த பறவையின் பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. இடம் இடுகாடு, மரம் பழையது, ஒலி வந்தது பொந்துக்குள்ளிருந்து, வந்த விதம் திடீரென்று. குறிப்பெடுத்தால் இப்படி எடுக்க வேண்டும். பத்து நொடி ஒலியைக் கைப்பேசியில் பிடித்து, ‘இது என்ன?’ என்ற இரண்டே சொல்லோடு அனுப்பி வைப்பவர்கள் இவரிடம் பாடம் கேட்கலாம். ஆனால் நல்ல குறிப்பும் சில சமயம் கைவிடும் என்பதற்கு அன்றில் சான்று. பனைமரம், வளைந்த அலகு, நள்ளிரவு, கேட்டுக் கலங்கும் தலைவி என்று நான்கு அடையாளம் தந்திருக்கிறார்கள் சங்கப் புலவர்கள். அப்படியும் அது அரிவாள் மூக்கன் இனம்தான் என்பாரும் அல்ல என்பாரும் இன்றுவரை வழக்காடுகிறார்கள். நான்காவது அடையாளத்தை இப்போது சரிபார்க்க வழியில்லாமல் போனதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பின்னால் வந்தவர்களில் செல்வாக்கு மிக்கது எண்ணிக்கைக் கட்சி. ஆந்தை எத்தனை முறை உரைக்கிறது என்று எண்ணிப் பலன் சொல்லும் பழம்பாட்டு ஒன்று உண்டு. ஊர்ப் பெரியவர்கள் பலருக்கு மனப்பாடம். ஒன்று என்றால் சாவு. இரண்டு என்றால் எண்ணிய காரியம் கைகூடும். மூன்றுக்குப் பெண் வந்து சேர்வாள், நான்குக்குக் கலகம். இப்படியே பத்து வரை போகும்.

இந்த விதியைத் தோப்புக்குள் இறக்கிப் பார்ப்போம். காதுபோல இறகு நிமிர்ந்த சின்ன ஆந்தை ஒன்று அங்கே இருக்கிறது. அதற்கு ஒற்றைச் சொல்தான்: ‘வட்?’ கேள்வியாகவே முடியும். சில நொடி சும்மா இருக்கும். மறுபடி ‘வட்?’ பதில் வராத கேள்வியை இவ்வளவு பொறுமையாகத் திரும்பத் திரும்பக் கேட்கும் உயிர், வட்டாட்சியர் அலுவலக வாசலில் நிற்பவரைத் தவிர வேறில்லை. இதை ஒவ்வோர் உரையாகக் கொண்டால், உரைக்கு ஒரு சாவு வீதம் விடிவதற்குள் ஊர் காலியாகியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டால் நூறைத் தாண்டும். பாட்டோ பத்தோடு நின்றுவிடுகிறது. வேட்டைக்கார ஆந்தை ‘ஊ-உக், ஊ-உக்’ என்று இரண்டிரண்டாக, ஒரே மூச்சில் பத்துப் பதினைந்து ஜோடி போடும். அதைக் கேட்டவருக்கு எண்ணிய காரியம் பதினைந்து தடவை கைகூட வேண்டும். அத்தனை காரியம் எண்ணி வைத்திருப்பவர் அந்நேரத்துக்குத் தூங்கியிருக்க மாட்டார் என்பது வேறு விஷயம். அற்றேல், முதலில் உரைத்ததை மட்டும் கணக்கில் கொள்க எனின், அற்றன்று. என்னை? முதலில் உரைத்தபோது எல்லோரும் உறக்கத்தில் இருந்தனர். எண்ணத் தொடங்கியதே விழிப்பு வந்த பிறகுதான்.

இருந்தாலும் அந்தக் கட்சிக்கு நாம் கடன்பட்டவர்கள். பயத்திலும் எண்ணச் சொல்லிக் கொடுத்தது அதுதான். இரவில் குரலின் கனத்தை நம்பக் கூடாது. தூரம், காற்று, கிணற்றுச் சுவர், கேட்பவரின் வயிற்றுக்கலக்கம் எல்லாம் சேர்ந்து அதை மாற்றிவிடும். ஒரு கூவலுக்கும் அடுத்த கூவலுக்கும் நடுவில் உள்ள இடைவெளி அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. ஆகவே இவ்வியல் கூவலை விட்டுவிட்டு இடைவெளியை வகைப்படுத்துகிறது.

இடைவெளியே இல்லாதது முதல் வகை. புள்ளி ஆந்தை இதன் தலைமகன். நீளம் ஏறக்குறைய 21 செ.மீ.; சத்தம் அதற்குப் பலமடங்கு. விட்டம் சரிந்த வீட்டிலோ மரப்பொந்திலோ ஜோடியாக இருந்துகொண்டு, அந்தி மயங்கும்போதும் விடிவதற்கு முன்பும் ஒன்றன் பேச்சில் மற்றொன்று குறுக்கிட்டுக் கிறீச்சிடும். ஊரார் ஆந்தை அலறியது என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். சாவுச் செய்தி சொல்வதற்குரிய நிதானம் இதனிடம் அறவே இல்லை.

நீண்ட இடைவெளி உடையது கொம்பன் ஆந்தை. கரட்டுப் பாறையில் உட்கார்ந்து ‘பூ... பூஉ’ என்று அடித்தொண்டையில் இரண்டு சொல் சொல்லும். பிறகு மௌனம். பயப்பட வேண்டுமென்றால் இதற்குப் பயப்படலாம். குறைந்தபட்சம் அதற்கு ஒரு கௌரவம் இருக்கும்.

குறுகிக்கொண்டே போகும் இடைவெளி மூன்றாம் வகை. இதில் பக்கி ஒன்றுதான் உறுப்பினர். சிமெண்டுத் தரையில் கை தவறிய கோலிக்குண்டு முதலில் நிதானமாகவும் வரவர அவசரமாகவும் துள்ளி அடங்குமே, அதேபோல ‘சக், சக், சக்-சக்கர்ர்’ என்று முடியும். கூடு கட்டுவதில்லை, வெறும் தரையிலேயே முட்டையிடும். இரவில் வண்டிப் பாதையின் நடுவில் உட்கார்ந்திருக்கும்; விளக்கு வெளிச்சத்தில் சிவப்பாக இரண்டு கண் மட்டும் தெரியும். வண்டி மிக அருகில் வரும்வரை எழாது.

ஆட்காட்டிக்கு இடைவெளி அதன் கையில் இல்லை, நம் காலில் இருக்கிறது. நடந்தால் கத்தும், நின்றால் குறையும், திரும்பினால் மறுபடி தொடங்கும். காவலுக்கு இருப்பவர்கள் அது கத்தும் திசையைப் பார்த்தே ஆள் வருவதை அறிவார்கள். அதைவிடக் கடினம் கண்கிலேடி. பகலில் புதரோரம் அசையாமல் நிற்கும், பெரிய மஞ்சள் கண். நிலா வெளிச்சத்தில் வறண்ட குளத்துப் படுகையில் நின்று, மேலே மேலே ஏறும் சீழ்க்கையாக அழும். பேய் பிடித்தாரைப் பற்றிய வழக்குகளில் இந்தப் பறவையையும் ஒருமுறை சாட்சியாக விசாரித்திருக்கலாம்.

கூகை கூவவே கூவாது. கிரீச்சென்று ஒரு கத்தல், மற்றபடி சீறல். கோயில் கோபுரத்து மாடத்தில் அதன் குஞ்சுகள் இரவெல்லாம் இரைக்காகச் சீறுவது கீழே படுத்திருப்பவருக்குக் குறட்டையாகவும், கொஞ்சம் பயந்தவருக்குப் பாம்பாகவும் கேட்கும். வீட்டுக் கூரையில் உட்கார்ந்தால் கல்லெறிந்து விரட்டும் அதே மனிதர், எலி ஒழிய வேண்டும் என்று வயலில் ஆங்கில ‘டி’ வடிவத்தில் பறவைத் தாங்கி நட்டு அதைக் கூப்பிடுகிறார். கூகைக்கு இந்த முரண்பாடு தெரியாது. எலி தெரியும்.

கேட்பவர்களையும் வகைப்படுத்தாமல் இயல் முற்றுப்பெறாது. இப்போது ஊர்ப்புறத்தில் நள்ளிரவில் விழித்திருப்பவர்கள் பெரும்பாலும் மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்கு மோட்டார் போடப் போகிறவர்கள். லீவில் வந்த அண்ணன் மகனும் ஒருநாள் கூடவே போனான். கையில் மெர்லின் செயலி. கார்னெல் பல்கலைக்கழகத்துப் பறவையியல் கூடம் உண்டாக்கியது, 2021 முதல் ஒலியைக் கேட்டே பெயர் சொல்கிறது.

“சித்தப்பா, நில்லுங்க. அது என்ன பறவை?”

“எது?”

“இப்பக் கத்துச்சே.”

“அது கத்துறது கெடக்கட்டும். நீ போன் வெளிச்சத்தக் காலுக்குக் கீழ அடி.”

வரப்பில் கிடக்கும் விரியனுக்கு இடைவெளி கிடையாது என்பது சித்தப்பாவின் பாடம். சிறிது தூரம் போனபின், “கல்லாங்குத்துப் பக்கம் ரெண்டு ரெண்டாக் கத்துதுன்னா கொம்பன்” என்றார், திரும்பிப் பார்க்காமலே.

போலிப்புள் என்றொரு வகையும் உண்டு: பறவையே அல்லாமல் பறவைப் பட்டியலில் புகுந்தவை. மழைக்குப் பிந்திய ஈர மண்ணுக்குள் இடைவிடாது ரீங்கரிப்பது பிள்ளைப்பூச்சி. வளையின் வாயையே ஊதுகுழலாகக் குடைந்து வைத்திருக்கும். மோட்டார் கொட்டகையில் நள்ளிரவில் பெண் குரலில் பேசுவது கைப்பேசி ஸ்டார்ட்டர்; இதில் ஐயம் வேண்டாம். இவற்றுள் பெரிய மோசடிக்காரர் தேவாங்கு. வேலிமரக் கிளைகளில் ஊர்ந்தபடி கூர்மையாக ஒரு சீழ்க்கை அடிக்கும். கேட்டவர் அறிந்த எல்லாப் பறவையையும் அண்ணாந்து தேடுவார். 2022 அக்டோபரில் கடவூர், அய்யலூர்ப் பக்கத்துக் காடுகளில் 11,806 ஹெக்டேரைத் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள்; இந்தியாவில் அதற்கென்று அமைந்த முதல் சரணாலயம். உண்மையான இராப்புள் எதற்கும் இப்பகுதியில் இவ்வளவு இடம் எழுதி வைக்கப்படவில்லை.

எஞ்சியது ஒருமுறை மட்டும் கேட்டு மறுபடி கேட்காத கூவல். இரண்டாவது கூவல் இல்லாமல் இடைவெளியை அளக்க முடியாது. அதற்காக ஏளனம் செய்யவும் கூடாது. 1900க்குப் பின் யார் கண்ணிலும் படாமல், அற்றுப்போனதாகவே எண்ணப்பட்ட ஜெர்டான் பறவை 1986இல் கடப்பை மாவட்டத்தில் இரவில் டார்ச் வெளிச்சத்தில் அகப்பட்டது. இவ்வியலுக்குத் தெரிந்த இடைவெளிகளில் இதுவே நீளமானது: 86 ஆண்டு. ஆகவே ஒருமுறை கேட்டவர் தேதியையும் இடத்தையும் குறித்துக்கொண்டு அவ்வளவு காலம் பொறுத்திருக்கலாம். பொறுக்க இயலாதவர் அதைப் பூனை என்று கொள்க.