பாக்கிக்காரருக்கு ஓர் அண்ணன் வேண்டும்

வேலை முடிகிற வரைக்கும் சேட் நல்லவர். காலையில் ஒரு போன், மத்தியானம் ஒரு போன், ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்ஆப்பில் ஒரு கும்பிடு. "அண்ணா, ரொம்ப அர்ஜென்ட்." மும்பையின் பாண்டுப் மேற்கில், எல்.பி.எஸ். மார்க்கை ஒட்டிய காலாக்கள் எனும் சிறு பட்டறைக் கூடங்களில், இந்த அர்ஜென்ட்டுக்காகக் கண்விழிக்காத லேத் பட்டறை கிடையாது. பேப்ரிகேஷன்காரரும் பிரஸ்காரரும் அப்படித்தான்.

சரக்கு இறங்கிய மறுநாள் சேட் பஞ்சாங்கம் பார்க்க ஆரம்பிப்பார். கணபதி முடியட்டும். நவராத்திரி முடியட்டும். தீபாவளிச் செலவு இருக்கிறது. மார்ச் எண்டிங். ஏப்ரலில் பழைய அக்கவுண்டன்ட் வேலையை விட்டிருப்பார், புதியவர் பில் காப்பி கேட்பார். ஜூனில் மழை. மும்பையில் மழைக்கு ரயில் நிற்பதை எல்லோரும் அறிவர். செக் புத்தகமும் நிற்பதைக் காலாக்காரர்கள் மட்டுமே அறிவர்.

இத்தனைக்கும் நடுவில் ஒருவர் மட்டும் நாள் தவறமாட்டார். அரசாங்கம். பில் போட்டாயா? மாதக் கணக்குக் காட்டுபவராக இருந்தால் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. கட்டு. சேட் கொடுத்தாரா, கொடுக்கவில்லையா என்ற கேள்வியே இல்லை. தாமதித்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. அதே வரியை சேட் உள்ளீட்டு வரி வரவாகத் தன் கணக்கில் எடுத்துக்கொள்வார், நமக்கு ஒரு பைசா தராமலே. பணம் தராததற்காக அந்த வரவைத் திருப்பிக் கட்ட அவருக்கு 180 நாள் அவகாசம். வேலை செய்தவன் கைக்காசைப் போட்டு வரி கட்டுகிறான், வேலை வாங்கியவர் அதில் கழித்துக்கொள்கிறார். இந்த ஏற்பாட்டைத்தான் 2017இல் பிரதமர் 'நல்ல, எளிய வரி' என்றார். யாருக்கு நல்லது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

சட்டம் இல்லையா? பேஷாக இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தைப் படித்தால் கண்ணில் நீர் வரும். ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. இதற்கென்றே ஒரு கவுன்சில். 90 நாளில் முடிவு. கவுன்சில் தீர்ப்பை எதிர்த்து சேட் கோர்ட்டுக்குப் போனால் 75 சதவீதத்தை முதலில் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். கந்துவட்டிக்காரர்கூட இவ்வளவு கறாராக எழுதமாட்டார்.

எழுதியாயிற்று. நடப்பதுதான் பாக்கி. எந்த 90 நாள் என்று கவுன்சிலைக் கேட்டால் கவுன்சிலுக்கே தெரியாது. அதற்கு முன்னால் இன்னொரு கண்டம். இரும்புக் கேட்டைச் செய்து கொடுத்தால் சட்டம் உங்கள் பக்கம். பொருளும் போட்டு, ஆளும் விட்டு, முழு ஆபீசையும் கட்டிக் கொடுத்தீர்களோ, அது 'வொர்க்ஸ் கான்ட்ராக்ட்', இந்தச் சட்டம் பொருந்தாது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பே இருக்கிறது. வேலை கூடினால் பாதுகாப்பு குறையும்.

பெரிய கம்பெனி சிறு தொழில்களுக்கு வைத்திருக்கும் பாக்கியை ஆண்டறிக்கையில் காட்ட வேண்டும் என்றும் ஒரு பிரிவு உண்டு. காட்டுகிறார்கள். சமூகப் பொறுப்பு என்று மரக்கன்று நடும் வண்ணப் படம் முன்னால், பாக்கிக் கணக்கு கடைசிப் பக்கங்களில் எறும்பு எழுத்தில்.

2024 ஏப்ரலில் நிதி அமைச்சகத்தின் சாட்டை அமலுக்கு வந்தது. குறு, சிறு தொழிலுக்குக் காலத்தில் பணம் தராவிட்டால், அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரியில் கழிக்க முடியாது. வியாபாரப் பெருமக்கள் ஒரே மாதத்தில் திருந்தினார்கள். "உத்யம் பதிவை ரத்து செய்துட்டு வாங்க, ஆர்டர் தர்றோம்" என்றார்கள். சிறு தொழில் என்பதற்கான அரசுப் பதிவு அது. சட்டம் பாதுகாக்கும் ஆளுக்கு வேலையே இல்லை என்றால் சட்டத்தை மீறும் பேச்சு எங்கே வருகிறது?

செக் கொடுத்து அது திரும்பி வந்தால்? மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் பிரிவு 138. இரண்டு ஆண்டு வரை சிறை. கேட்கவே இனிக்கிறது. பாங்க் மெமோ வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் விட வேண்டும், 15 நாள் பொறுக்க வேண்டும், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் தர வேண்டும். ஒரு நாள் தவறினாலும் காரணம் சொல்லி மன்றாட வேண்டும். கோர்ட்டுக்கும் ஒரு கெடு உண்டு: ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும். முயல்கிறார்கள். 2019 முடிவில் நாட்டில் தேங்கிக் கிடந்த செக் வழக்குகள் 35.16 லட்சம்.

இனி பெரிய இடத்துக்குப் போவோம். அனில் அம்பானியின் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் நெட்வொர்க்கை ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனம் நடத்திக் கொடுத்தது. வேலை நடந்தது, பணம் வரவில்லை. 2017இல் எரிக்சன் திவால் சட்டத்தைக் கையில் எடுத்தது. 1,500 கோடிக்கு மேல் கேட்டவர்கள் 550 கோடிக்கு இறங்கினார்கள். அதற்கும் கெடு, மறு கெடு, உச்ச நீதிமன்றத்திலேயே வாக்குறுதி. 2019 பிப்ரவரி 20 அன்று நீதிமன்றம் அவமதிப்பு என்று தீர்ப்பளித்தது: நாலு வாரத்தில் 453 கோடி, இல்லையேல் மூன்று மாதம் சிறை. கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது பணம் வந்தது. தம்பி அறிக்கை விட்டு அண்ணன் முகேஷுக்கும் அண்ணிக்கும் உள்ளம் கனிந்த நன்றி சொன்னார்.

ஸ்வீடன் கம்பெனிக்கு, நாட்டின் மிக உயர்ந்த கோர்ட்டில், ரூபாய்க்கு முப்பத்தைந்து பைசாவுக்கும் சற்றுக் கூடுதலாகக் கிடைக்க இவ்வளவு தேவைப்பட்டது. பாண்டுப் அண்ணாச்சிக்குத் தர வேண்டிய சேட்டுக்கு ஆன்டிலியாவில் அண்ணன் இல்லை. இருந்தாலும் அந்த அண்ணனைக் கூப்பிட வைக்கும் வழியையும் அடைத்தாயிற்று. கம்பெனி மீது திவால் மனு போட ஒரு லட்சம் பாக்கி போதும் என்றிருந்ததை ஒரு கோடி ஆக்கினார்கள். தேதி 2020 மார்ச் 24, ஊரடங்கு அறிவித்த அதே நாள். கொரோனா போய்விட்டது. ஒரு கோடி போகவில்லை. தொண்ணூற்றொன்பது லட்சம் வரை நிம்மதியாக ஏமாற்றலாம்.

தனியாரைச் சொல்லி என்ன? மகாராஷ்டிர அரசு தங்களுக்கு ஏறத்தாழ 90,000 கோடி ரூபாய் பாக்கி வைத்திருப்பதாக ஒப்பந்தக்காரர் சங்கங்கள் 2025இல் தெருவுக்கு வந்தன. அந்த ஜூலையில் சாங்லி மாவட்டத்தில் ஓர் இளம் ஒப்பந்தக்காரர் உயிரை விட்டார். வீட்டுக்கு வீடு குழாய் போடும் ஜல் ஜீவன் திட்டத்தில் 1.40 கோடி வரவேண்டியிருந்தது என்றார்கள் வீட்டார். அவர் பெயரில் எங்கள் ஏட்டில் பாக்கி எதுவும் இல்லை, அவர் துணை ஒப்பந்தக்காரராக இருந்திருக்கலாம் என்றார் அமைச்சர். ஏடு சுத்தமாக இருந்தது.

ஆகவே காலாக்காரர்களே, வெட்கத்தை விடுங்கள். டெலிவரி சலானின் மஞ்சள் காப்பியில் சீலும் கையெழுத்தும் தேதியும் வாங்காமல் டெம்போவைத் திருப்பாதீர்கள். உத்யம் பதிவை வேலை எடுப்பதற்கு முன்பே செய்யுங்கள். சரக்கு கொடுத்த பிறகு பதிந்தால் பழைய பில்லுக்குப் பலன் இல்லை என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பதிவு பற்றிய கேள்வி 2025இல் பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது, அதை நம்பி உட்காராதீர்கள். "தருகிறேன்" என்று வாயால் சொல்பவரிடம் அதை எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பாக்கியை ஒப்புக்கொண்டு, வழக்குப் போடும் கெடுவுக்குள் எழுதிக் கொடுத்தால் கெடு அன்றிலிருந்து புதிதாக ஆரம்பிக்கும். அந்தக் கெடு மூன்று ஆண்டு. தாண்டினால் சிவில் வழக்குக்கு வழி இல்லை, சேட்டுக்கும் அது தெரியும். டிராயரில் கிடக்கும் பழைய பில்லின் தேதியை இன்றைக்கே பாருங்கள்.