அண்ணாச்சியும் கிரானும்

தூத்துக்குடி பீச் ரோட்டில் நான் கணக்கெழுதிய கப்பல் ஏஜென்ட் ஆபீசில், அந்தக் காலத்தில் எந்த வேலைக்கும் நாள் குறித்து வைக்கும் பழக்கம் கிடையாது. பியூன் அண்ணாச்சி இருந்தார். "தம்பி, நாளைக்கு நாலு மணிக்குக் கஸ்டம்ஸ்ல கையெழுத்து இருக்கு, மறந்துராதீய" என்பது ஒருமுறை வேலை. விடிகாலையில் கப்பல் வரவுப் பட்டியல், மாதம் 5ஆம் தேதி டீக்கடைப் பாக்கி என்பதெல்லாம் தொடர் வேலை. எல்லாம் அவர் தலையில்தான். மேற்கொண்டு செலவு ஒரு டீ, ஒரு வடை.

இப்போது அதே ஆபீசில் அதே வேலைக்கு லினக்ஸ் சர்வர். ஒருமுறைக்கு 'அட்', தொடர் வேலைக்கு 'கிரான்'. இரண்டுமே 1979இல் வந்த யூனிக்ஸின் ஏழாம் பதிப்பிலேயே உண்டு. இன்று பல லினக்ஸ்களில் ஓடும் கிரான், 1987இல் பால் விக்சி எழுதியதன் வழிவந்தது. நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்று அதற்கு ஐந்து கட்டம். எதுவானாலும் சரி என்றால் அங்கே நட்சத்திரம். ஞாயிற்றுக்கு 0. ஞாயிறன்று விசைப்படகு கடலுக்குப் போகாத எங்கள் ஊருக்கு இது பொருத்தம்தான்.

கம்ப்யூட்டர் பையன் கப்பல் வரவுப் பட்டியலுக்கு '30 5 * * *' என்று எழுதினான். காலை ஐந்தரைக்கு வரவேண்டிய மெயில் பதினொன்றுக்கு வந்தது. சர்வரின் கடிகாரம் கிரீன்விச் நேரத்தில் இருந்திருக்கிறது. அங்கே ஐந்தரை என்றால் இங்கே பதினொன்று. பெர்த்தில் கயிறு கட்டி நிற்கும் கப்பலைப் பற்றி, அது வரப்போகிறது என்று கிரான் பணிவோடு தெரிவித்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சிக்குக் கிரீன்விச் தெரியாது, பிழைத்தோம்.

அடுத்தது மாதா கோயில் விஷயம். பனிமய மாதா பெருவிழா ஆகஸ்ட் 5. அது ஞாயிறில் விழுந்தால் மறுநாள் விடுமுறை என்று எல்லோருக்கும் சேதி போகவேண்டும். பையன் தேதிக்கு 5, மாதத்துக்கு 8, கிழமைக்கு 0 போட்டான். தேதியும் கிழமையும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் ஓடும் என்று நாமும்தான் நினைப்போம். ஆனால் தேதி, கிழமை இரண்டையும் கொடுத்தால் ஏதாவது ஒன்று பொருந்தினாலே கிரான் ஓட்டிவிடும். அந்த ஆகஸ்டில் எல்லா ஞாயிறும் "நாளை விடுமுறை" என்று சேதி வந்தது. ஊழியர் யாரும் புகார் செய்யவில்லை.

மீன்பிடித் தடைக்காலம் கிரானுக்குச் சுலபம். வருஷா வருஷம் ஏப்ரல் 15. ஆனால் 45 நாளாக இருந்த தடை 2017இல் 61 நாளாகி, ஜூன் 14 வரை நீண்டதை அது தானாகத் தெரிந்துகொள்ளாது, ஆள்தான் திருத்தவேண்டும். முத்துக்குளிப்பையோ எழுதவே முடியாது, ஐந்து கட்டத்தில் ஆண்டுக்குக் கட்டமே இல்லை. சிப்பிப் படுகையான பாரில் சிப்பியை எடுத்துப் பார்த்து, முற்றியிருந்தால்தான் அரசாங்கம் நாள் அறிவித்தது. இரவு நிலக்காற்றில் கிளம்பிய வள்ளங்கள் பிற்பகல் கடற்காற்றில் கரை திரும்பின. முத்துக்குளிப்பு முழுக்க 'அட்' சமாச்சாரம். வேலை முடிந்ததும் அது வரிசையிலிருந்து போய்விடும். 1955 முதல் நடந்த குளிப்பும் 1961இல் அப்படித்தான் போயிற்று.

இவ்வளவுக்கும் பிறகு ஆபீசில் ஒரு தீர்வு கண்டுபிடித்தார்கள். மெயில் வந்ததா என்று தினமும் காலையில் பார்க்க ஓர் ஆளைப் போட்டிருக்கிறார்கள். அந்த ஒரு வேலைக்குச் சம்பளம், பி.எஃப். எல்லாம் உண்டு. டீயும் வடையும் தனி.

கிரானின் வேலைப் பட்டியலான கிரான்டேபைத் திருத்த உட்காருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. திருத்துவதற்கு 'இ', அழிப்பதற்கு 'ஆர்'. விசைப்பலகையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். விரல் தவறினால் கேள்வி கேட்காமல் மொத்தத்தையும் அழித்துவிடும். முதலில் 'எல்' கொடுத்து எல்லாவற்றையும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.