நீரில் நீளும் விளக்கு

கேள்வி: கணினியில் நான் அமைத்த ஏரிக் காட்சியில், கரை விளக்கின் பிரதிபிம்பம் ஒற்றைப் புள்ளியாகவே நிற்கிறது. மெய்யான நீரில் காண்பதுபோல் அது நீண்டு நெளிய என்ன உபாயம்?

பதில்: தாங்கள் அமைத்தது ஏரியன்று, நிலைக்கண்ணாடி, அது தன் தர்மப்படி நடந்துகொண்டதற்காக அதைக் குறைகூறுவது நியாயமாகாது. இயற்கை நீரின் மேற்பரப்போ எண்ணற்ற சிற்றலைகளாகச் சரிந்து கிடக்க, அச்சரிவுகளுள் விளக்கொளியை நம் கண்ணுக்குத் திருப்பும்படி வாய்த்தவையெல்லாம் ஒன்றுகூடியே அந்த நீண்ட ஒளிப்பாதையை உண்டாக்குகின்றன. காக்ஸ், மங்க் என்ற இரு விஞ்ஞானிகள், கடல்மீது சூரியன் சிந்திய பிரகாசத்தை ஆகாய விமானத்திலிருந்து படமெடுத்து, அது பரவிய விதத்தைக் கொண்டே அலைகளின் சரிவைக் கணக்கிட்டு 1954-இல் வெளியிட்டார்கள். ஆகவே, முதலில் தங்கள் நீர்ப்பரப்பை, புள்ளிதோறும் சரிவைக் குறித்துவைக்கும் படமாகிய ஒரு நார்மல் மேப்பினால் கலைத்துவிடுங்கள்.

அடுத்து ஃபிரெனல் விதியையும் காட்சியில் சேருங்கள்: நேர் மேலிருந்து நோக்குபவருக்கு ஒளியில் 100-க்கு 2 பங்கையே திருப்பித் தரும் நீர், தாழ்ந்து பணிந்து நோக்குபவருக்கு ஏறக்குறைய முழுவதையும் தந்துவிடும், பழைய ஜமீன்தார்களின் சுபாவம் அதற்கு. இவ்விரண்டையும் செய்த பின்னரும் புள்ளி நீளவில்லையாயின், குற்றம் விளக்கினுடையதன்று. அலையின் சரிவில் லோபம் காட்டிய தங்களுடையதே!