வேலிக்குத் தண்ணீர் ஊற்றிய ஊர்

கேள்வி: அமெரிக்க நகரங்களின் குற்றக் கும்பல்களையும் லஞ்ச ஊழலையும் விவரிக்கும் ‘கிரைம்டவுன்’ என்ற பாட்காஸ்ட் தொடரைப் பலரும் புகழ்கிறார்களே, திருடர் கதையைக் கேட்பதனால் என்ன பிரயோஜனம்?

பதில்: திருடர் கதை மாத்திரமாயின் பிரயோஜனம் சொற்பமே, ஆனால் 2016-இல் வெளிவரத் தொடங்கிய அதன் முதற்பாகம், திருடனைப் பிடிக்கப் புறப்பட்டவரின் கதையையும் சேர்த்துச் சொல்கிறது. ரோட் ஐலண்ட் மாநிலத்தின் தலைநகரான பிராவிடன்ஸில் இருந்துகொண்டே நியூ இங்கிலாந்தின் பெரும்பகுதியை ஆட்டிவைத்த ரேமண்ட் பேட்ரியார்க்கா என்ற குற்றக் கும்பல் தலைவரின் மீது நடந்த கொலைச் சதி வழக்கில் அரசுத் தரப்பில் வாதாடிய வின்சென்ட் சியான்சி என்ற இளம் வழக்கறிஞர், லஞ்சத்தை எதிர்ப்பவர் என்ற கீர்த்தியோடு 1974-இல் அந்நகரின் மேயராகத் தேர்வாகி, ஒரு மனிதரைத் தாக்கிய வழக்கினால் 1984-இல் பதவி துறந்து, 1990-இல் அதே ஜனங்களின் வோட்டினாலேயே மீண்டும் அப்பீடத்தில் அமர்ந்து, நகரம் புதுப்பொலிவு பெற்ற பெருமையிலும் பங்குகொண்டு, கடைசியில் 2002-இல் ஊழல் சதிக் குற்றத்துக்காக 5 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை பெற்றார்.

வேலியே பயிரை மேய்வதை நம் பழமொழி அறியும். மேய்ந்த வேலிக்கே மறுபடியும் தண்ணீர் ஊற்றிய தோட்டக்காரர்களை இக்கதையில்தான் காண்கிறோம். கும்பல் கொள்ளையடித்தது பணத்தை. பதவி கொள்ளையடித்ததோ நம்பிக்கையை. பணத்தை மறுபடி சம்பாதித்துக்கொள்ளலாம், நம்பிக்கையை அப்படி மீட்க முடியாது. ஊர் பளபளத்தால் போதும், ஆள்பவரின் ஒழுக்கம் எப்படியிருந்தாலென்ன என்ற எண்ணம் ஒரு சமூகத்தில் எவ்வளவு சாவதானமாக வேரூன்றுகிறது என்பதை உணர்வதே இதைக் கேட்பதன் பிரயோஜனம்.