85.88 வாழ்க!

காரை விட்டு இறங்காமல், ஜன்னலில் கை நீட்டிக் காபி வாங்கிப் போகும் கடை ஒன்று அமெரிக்க ஊரில் வருவதற்கு முன்னால், பெரும்பாலும் ஓர் அறிக்கை வரும். கடைக்கு எத்தனை கார் வரும், அதனால் பக்கத்துச் சாலைக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே சொல்லும் போக்குவரத்து ஆய்வறிக்கை. ஊர்க்கூட்டத்தில் அதன்மேல் கோபப்படுகிறவர்கள் உண்டு, அதைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறவர்களும் உண்டு. எழுதிய பொறியாளரைப் பாராட்டத்தான் ஆள் இல்லை. பொறியாளப் பெருமக்களே, அந்தக் கடனை நான் தீர்க்கிறேன்.

உங்கள் துல்லியத்தை முதலில் வாழ்த்துகிறேன். அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியாளர்களின் சங்கமான ஐ.டி.இ. 1930இல் தொடங்கப்பட்டது. எந்தக் கட்டடம் எவ்வளவு போக்குவரத்தை வரவழைக்கும் என்று சொல்லும் அதன் கையேடு 1976இல் முதலில் வெளியானது. வீடு, பள்ளி, மருத்துவமனை என்று ஒவ்வொன்றுக்கும் அதில் ஓர் எண் உண்டு. டிரைவ்-த்ரூ ஜன்னல் வைத்த காபி, டோனட் கடைக்கு 937. 2021இல் வந்த பதினோராம் பதிப்பு, காலை நெரிசலின் ஒரு மணி நேரத்தில் அந்தக் கடை ஆயிரம் சதுர அடிக்கு 85.88 நடையை உண்டாக்கும் என்கிறது. கார் உள்ளே வருவது ஒரு நடை, வெளியே போவது இன்னொரு நடை. கடை 2,200 சதுர அடி என்றால் 189 நடை. நூற்றுக்கு 51 உள்ளே, 49 வெளியே. ஆக 96 கார், முப்பத்தேழு விநாடிக்கு ஒன்று. அஸ்திவாரம் தோண்டவில்லை, காபி என்ன விலை என்று தெரியாது, எதிரே எந்தக் கடை மூடப்போகிறது என்றும் தெரியாது. ஆனாலும் இரண்டு தசமப் புள்ளி வரைக்கும் கை நடுங்காமல் எழுதுகிறீர்கள். அந்தக் கையின் உறுதி எனக்கு வியப்பு.

அதைவிட வியப்பு, எண் மாறினாலும் உறுதி மாறாதது. 2017இல் வந்த பத்தாம் பதிப்பில் இதே கடை ஒரு நாளுக்கு ஆயிரம் சதுர அடிக்கு 820.38 நடை. நான்கு ஆண்டு கழித்து 533.57. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போயிற்று. அமெரிக்கர் காபியை விட்டுவிடவில்லை. எண்ணப்பட்ட கடைகளின் தொகுப்பு மாறியது, சராசரியும் மாறியது. முந்தைய எண்ணை நம்பி அகலப்படுத்திய சாலையும், அதை நம்பி மறுக்கப்பட்ட மனுவும் அப்படியே இருக்கின்றன. புதிய எண்ணுக்கும் பழைய எண்ணுக்கு இருந்த அதே இரண்டு தசமம். இவ்வளவு சீரான தன்னம்பிக்கை வேறு எந்தத் தொழிலுக்கும் வாய்க்கவில்லை.

உங்கள் நேர்மையையும் சொல்லியாக வேண்டும். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டமிடல் கற்பித்த டொனால்ட் ஷூப், 2002இல் எழுதிய கட்டுரை ஒன்றில் உங்கள் கையேட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்பைத் திறந்து காட்டினார். டிரைவ்-த்ரூ ஜன்னல் உள்ள துரித உணவுக் கடைக்கு ஒரு நாளில் ஆயிரம் சதுர அடிக்கு 632.12 நடை. எண்ணிப் பார்த்த கடைகள் எட்டே எட்டு. கட்டடத்தின் அளவுக்கும் வரும் கார்களுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லும் ஆர்-வர்க்கம் 0.069. அதாவது ஒரு கடைக்கும் இன்னொரு கடைக்கும் உள்ள வித்தியாசத்தில் நூற்றுக்கு ஏழு பங்கைக்கூடச் சதுர அடியால் விளக்க முடியவில்லை. இதை ஷூப் துப்பறிந்து கண்டுபிடிக்கவில்லை. நீங்களே அந்தப் பக்கத்திலேயே அச்சிட்டிருந்தீர்கள். மாதிரி சிறிதாக இருந்தால் உள்ளூரில் போய் எண்ணிக்கொள்ளுங்கள் என்றும் உங்கள் நூல்கள் தொடர்ந்து சொல்லி வருகின்றன. தன் குறையைத் தானே அச்சிடும் நூலை நான் மனமார மதிக்கிறேன். அந்த எச்சரிக்கை கையேட்டிலிருந்து ஆய்வறிக்கைக்கு வரும் வழியில் உதிர்ந்துபோகிறது, அறிக்கையிலிருந்து நகரசபையின் மேசைக்கு எண் மட்டும் போய்ச் சேருகிறது. உறுப்பினர்களின் மனத்தை இவ்வளவு பாதுகாக்கிறீர்களே!

சதுர அடியை நீங்கள் கைவிடாத விசுவாசமும் பெரிது. இந்தக் கடையின் வியாபாரம் கட்டடத்துக்குள் நடப்பதில்லை, ஜன்னலில் நடக்கிறது. கருவறையின் நீள அகலத்தை வைத்துத் திருவிழாக் கூட்டத்தைக் கணக்கிடுவது போன்ற வேலை இது. உள்ளே நாலு மேசையை எடுத்துவிட்டு 400 சதுர அடியைக் குறைத்தால், காகிதத்தில் காலை நேரத்து 34 நடை மறைந்துவிடும். ஜன்னலில் ஒரு காரும் குறைந்திருக்காது. உட்கார இடமே இல்லாத சிறு காபிக் கூண்டுகளில் இந்த முரண் மிகவும் முற்றிவிட்டதால், 938 என்ற அந்த வகைக்கு மட்டும் பதினோராம் பதிப்பில் சதுர அடியை விட்டு, கார் நிற்கும் பாதைகளின் எண்ணிக்கைக்கு மாறினீர்கள். கண்டுகொண்டீர்கள் என்பதற்காக வாழ்த்துகிறேன். கண்டுகொண்ட பிறகும், அதே ஜன்னலை வைத்திருக்கும் 937ஐ அந்தப் பதிப்பில் சதுர அடியிலேயே விட்டுவைத்த பொறுமைக்காக இன்னொரு முறை வாழ்த்துகிறேன்.

இனி உங்கள் ஈகை. வரும் கார்களில் பெரும்பாலானவை எப்படியும் அந்தச் சாலையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவைதானே, அவற்றைப் புதிய போக்குவரத்தாக ஏன் எண்ண வேண்டும் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. 2014இல் வந்த உங்கள் கைநூல், 938 வகைக் கூண்டுக் கடைகளுக்கு இந்த வழிப்போக்கர் பங்கு 89 சதவீதம் என்றது. அந்த எண்ணை அறிக்கைகள் 937க்கும் இரவல் வாங்கிக்கொண்டன. 189இல் 89 சதவீதத்தைக் கழித்தால் மிச்சம் 21 நடை. பத்து, பதினோரு கார். இதற்காகவா ஊரைக் கூட்டினீர்கள் என்று யாருக்கும் தோன்றும்.

அந்தக் கழிவு இரண்டு மைல் தள்ளியிருக்கும் சந்திப்புக்குப் பொருந்தும். கடை வாசலுக்குப் பொருந்தாது. வழிப்போக்கரும் வாசலில் வேகம் குறைக்கிறார், எதிர்வரிசையைக் கடந்து இடதுபுறம் திரும்பக் காத்திருக்கிறார், நடைபாதையைக் குறுக்கே வெட்டி உள்ளே போகிறார், மறுபடி வெட்டி வெளியே வருகிறார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு முன்னால் அந்த மணி நேரத்தில் குறுக்கிடுவது 189 தடவை. இதை உங்கள் கைநூலும் மறுக்கவில்லை. வாசலில் முழு எண்ணையே எண்ண வேண்டும் என்றுதான் சொல்லித்தருகிறது. ஆனால் முடிவுரையில் நினைவில் நிற்பது 21. பெரிய எண்ணை இணைப்பில் வைத்து, சிறிய எண்ணை முகப்பில் வைக்கும் உங்கள் அடக்கம் பலருக்குக் கடையைத் திறந்து கொடுத்திருக்கிறது.

வரிசையின் கணக்கில்தான் உங்கள் எல்லை உணர்வு முழுதாகத் தெரிகிறது. 96 காரில் பத்துக்கு ஏழு ஜன்னலுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம், 67 கார். ஜன்னலில் ஒரு காருக்குச் சராசரி 45 விநாடி ஆகும் என்றால், வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய சூத்திரப்படி சராசரியாக ஐந்து கார் நிற்கும். ஒரு காருக்கு இருபது அடி என்றால் நூறு அடி. அதே சராசரி 50 விநாடி ஆனால்? ஐந்து விநாடிதான் கூடுதல், ஒரு பானத்தில் கூடுதலாகப் பாலை நுரைக்கவிடும் நேரம். நிலைமை நீடித்தால் பதின்மூன்று கார், 260 அடி. இதுவும் சராசரிதான், மோசமான காலை அல்ல. வந்த கார்களின் எண்ணிக்கை மாறவே இல்லை. 85.88 மாறாது, 189 மாறாது, வரிசை மட்டும் மனைக்குள் அடங்காமல் சாலைக்கு வந்து, பஸ்ஸுக்கு முன்னால் நிற்கும். சைக்கிள்காரர் அதைச் சுற்றிக்கொண்டு வேகமான வாகனங்களின் பாதைக்குள் போக வேண்டியிருக்கும். உங்கள் எண்ணிக்கையோ வாசலைத் தாண்டிய காரையே எண்ணுகிறது. சாலையில் இன்னும் காத்து நிற்பவர் எண்ணில் வரமாட்டார், நீளத்தைப் பார்த்து மனம் மாறிப் போனவரும் வரமாட்டார். நிரம்பி வழியும் கடையில் நீங்கள் அளந்தது ஊரின் தேவையை அல்ல, ஜன்னலில் நிற்கும் பெண்ணின் கைவேகத்தை. அந்தக் கைவேகத்தை அடுத்த ஊரின் புதுக் கடைக்குத் தேவையின் அளவாகக் கொண்டுபோகிறீர்கள். அவளுடைய உழைப்புக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைத்திருக்க முடியாது.

கலிபோர்னியாவைக் குறிப்பிடாமல் போனால் பாராட்டு முழுமை பெறாது. 2013இல் எஸ்.பி. 743 என்ற சட்டம் வந்தது. 2020 ஜூலை முதல் அங்கே சுற்றுச்சூழல் ஆய்வில் சந்திப்பின் காத்திருப்பு நேரத்துக்குப் பதிலாக வாகனங்கள் ஓடும் மொத்தத் தூரத்தைப் பார்க்க வேண்டும். நல்ல மாற்றம், அதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். மாநிலத்தின் தொழில்நுட்ப ஆலோசனை, 50,000 சதுர அடிக்கு உட்பட்ட உள்ளூர்க் கடையால் பெரிய பாதிப்பு இல்லை என்று பொதுவாகக் கருதிக்கொள்ளலாம் என்கிறது. நம் 2,200 சதுர அடிக் கடை அந்த வேலிக்குள் இருபது முறைக்கு மேல் அடங்கும். காபி வாங்க மட்டுமே இயந்திரத்தை ஓடவிட்டு நிற்கும் கடைக்கும், நடந்து போய் ரொட்டி வாங்கும் கடைக்கும் அந்த வேலி வேறுபாடு பார்ப்பதில்லை. இவ்வளவு சமநீதி!

மினியாபொலிஸ் நகரசபை மட்டும் உங்கள் கலையைப் பயன்படுத்தத் தெரியாமல் போனது. 2019இல் அது ஊர் முழுதும் புது டிரைவ்-த்ரூ ஜன்னல்களுக்கே தடை போட்டது. காலை ஏழரை மணிக்கு நடைபாதையைக் கடக்கும் கார்கள் வேண்டுமா, வேண்டாமா என்று அது நேராகக் கேட்டுக்கொண்டது. புது ஜன்னலுக்கு ஆயிரம் சதுர அடிக்கு எத்தனை நடை என்று கணக்கிடும் வாய்ப்பை அந்த ஊரில் நீங்கள் இழந்துவிட்டீர்கள்.